முதல் பத்து நிமிட நிபுணர்

சினிமாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு வகை. படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள், பார்க்காமலே பேசுகிறவர்கள். டார்ச்சண்ணன் இந்த இரண்டிலும் சேராதவர். எந்தப் படமானாலும் முதல் பத்து நிமிடத்தை மட்டும் பார்த்தவர். நாளொன்றுக்கு நான்கு காட்சி வீதம், இருபத்து மூன்று ஆண்டுகளாக. பதினோராவது நிமிடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், "அது என் டிபார்ட்மென்ட் இல்ல" என்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி தெருவிலும் தியேட்டரிலும் மாமியார் வீட்டிலும் அவர் டார்ச்சண்ணன்தான். அவர் மனைவி டார்ச்சண்ணி. படம் தொடங்கிய பிறகு வருகிறவர்களுக்கு இருட்டில் டார்ச் அடித்து இடம் காட்டுவது தொழில். ஹால் மாடியில் இருக்கிறது. அதன் பின்கதவுக்கு உட்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் காத்திருப்பார். அதற்கும் பிறகு வருகிறவன் தூங்க வருகிறவன், அவனுக்கு எந்த நாற்காலியும் ஒன்றுதான் என்பது அவர் முடிவு. பத்து நிமிடம் ஆனதும் கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய்விட வேண்டும். அது முதலாளி உத்தரவு.

பத்து நிமிடம் பார்த்து ஒருவருக்கு என்ன தெரிந்துவிடும் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். ஹாலின் நடுவே, திரையை நோக்கிப் பதினேழு படிகள் இறங்குகின்றன. மூன்றாவது படியின் விளிம்பு தேய்ந்து, யாரையும் நிம்மதியாக நிற்கவிடாது. இந்தப் பதினேழு படிகளில் மனிதர்களை இறக்கி இறக்கித்தான் கேமராவின் ரகசியங்கள் அத்தனையும் அவருக்குப் பிடிபட்டன.

வானத்தில் தொடங்கி மெதுவாக ஊருக்குள் இறங்கி வரும் ஷாட் என்றால் அவருக்கு உயிர். வெளிச்சம் கொட்டும். கேமராவும் இறங்கும், ஆளும் இறங்குவான். அது தரையைத் தொடும் நேரம் இவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். எடுத்த எடுப்பில் குளோசப் வைக்கும் இயக்குநர்கள்மேல் அவருக்குத் தீராத மனக்குறை. வீட்டுச் சுவர் அளவுக்கு ஒரு முகம் நம்மையே முறைத்துக்கொண்டிருந்தால் எவன் குனிந்து நாற்காலி எண்ணைத் தேடுவான்? வகுப்புக்குத் தாமதமாக வந்து வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டவன் மாதிரி படியிலேயே நின்றுவிடுவான். நடக்கும் கால்களில் தொடங்கும் படம் உத்தமம். எல்லோரும் தங்கள் காலைப் பார்த்துக்கொள்வார்கள். கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் படம்தான் ஆபத்து. திரை ஆட ஆட, இறங்குகிறவர் பிடிமானம் தேடுவார். அப்படி ஒரு படத்தில் பெரியவர் ஒருவர், நாற்காலியின் முதுகு என்று நம்பி, உட்கார்ந்திருந்தவரின் வழுக்கைத் தலையைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் நின்றார். தலைக்குச் சொந்தக்காரரும் படத்தில் மூழ்கியிருந்ததால் ஆட்சேபம் எழவில்லை. அந்த இயக்குநருக்குப் பிற்பாடு ஏதோ பரிசு கிடைத்ததாகக் கேள்வி.

அவருடைய கண்டுபிடிப்புகளில் தலையாயது வேறு. கேமரா எந்தப் பக்கம் நகர்கிறதோ, ஆளும் அந்தப் பக்கம் நகர்வான். வலப்பக்கம் டிக்கெட் வாங்கியவனும், திரை இடப்பக்கம் போனால் இடப்பக்க வரிசைக்குள் நுழைந்துவிடுவான். இதற்கு உயிருள்ள சாட்சி அவர் வீட்டிலேயே இருக்கிறது. ஒரு காலைக் காட்சிக்குத் தாமதமாக வந்த பெண்ணொருத்தி, கேமரா ரயிலோடு சேர்ந்து இடப்பக்கம் ஓடியதைப் பார்த்தபடி தானும் அந்தப் பக்கமே போய், ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய ரகளை ஆகிவிட்டது. டார்ச்சண்ணன் ஓடிப்போய் இரு தரப்பிடமும் மன்னிப்புக் கேட்டார். மறுவாரமும் அந்தப் பெண் வந்தார், மறுபடியும் தாமதமாக. அதற்கடுத்த வாரங்களில் வேண்டுமென்றே தாமதமாக வந்தார். "கேமரா அன்னிக்கு மட்டும் வலது பக்கம் போயிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்று டார்ச்சண்ணி இன்றைக்கும் அலுத்துக்கொள்வார்.

டார்ச்சண்ணி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். படங்களைப் பிற்பாடு வீட்டுத் தொலைக்காட்சியில் முழுசாகப் பார்த்துக் கணவருக்குச் சேதி சொல்வார்.

"ஏங்க, அந்தப் படத்துல கொலை பண்ணினது அண்ணன்காரன்தான்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்? நீங்கதான் பார்க்கவே இல்லையே!"

"முதல் ஷாட்டுல கேமரா எல்லார் மேலயும் நின்னு நின்னு போச்சு. அண்ணன்காரன் மேல மட்டும் நிக்கல. நிக்காம தாண்டிப் போற ஆள் மேலதான் கண்ணு வெக்கணும்."

"தம்பிக்காரன் மேலயும் நிக்கலையே? அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தா கொலை பண்ணினாங்க?"

"அது என் டிபார்ட்மென்ட் இல்ல."

தம் கணிப்புகள் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை என்பது டார்ச்சண்ணனின் நம்பிக்கை. சரிபார்க்கும் வழக்கம் இல்லாததால் அந்த நம்பிக்கைக்கு இன்றுவரை சேதம் இல்லை.

இனி முதலாளி. அவர் ஹாலுக்குள் கால் வைத்தே பல ஆண்டுகள் ஆகின்றன. படம் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் படம் பார்ப்பதைப் போன்ற வீண்வேலை கிடையாது என்பார். மாடிப்படி முடியும் இடத்தில், கேட்டுக்குப் பக்கத்தில், இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சட்டையின் இடப்பையில் பழைய சட்டைகளிலிருந்து வெட்டியெடுத்த பொத்தான்கள். இடைவேளைக்கு முன் ஒரு ஆள் எழுந்து கேட்டைத் தாண்டிப் போனால், ஒரு பொத்தான் இடப்பையிலிருந்து வலப்பைக்குப் போகும். இடைவேளை மணி அடித்ததும் வலப்பையைத் தடவிப் பார்ப்பார். படத்தின் தலையெழுத்து அங்கே இருக்கும். "இருபத்தஞ்சு வருஷத்துல இந்தக் கேட்டைத் தாண்டி ஒரு பய எனக்குத் தெரியாம போனதில்ல" என்பது அவர் வாழ்வின் சாரம்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். அந்த மகள் படம் எடுத்துவிட்டாள்.

முப்பத்தொரு வயது. தியேட்டர் ஆட்கள் எல்லோருக்கும் இன்னும் பாப்பாதான்; கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு எரிச்சல் வரும். மூன்று ஆண்டு அலைந்து முடித்த முதல் படம். முதலாளி படத்தைப் பார்க்க மறுத்துவிட்டார், கொள்கை. ஆனால் வெள்ளிக்கிழமை முதல் நம் தியேட்டரிலேயே போடலாம் என்றார். ஒரு நிபந்தனை.

"வெள்ளிக்கிழமை முதல் காட்சி. இடைவேளைக்குள்ள பத்துப் பேருக்கு மேல எழுந்து போனா ஞாயிற்றுக்கிழமையோட படம் இறங்கிடும். திங்கக்கிழமை காலையில நீ டிக்கெட் கவுண்ட்டர்ல உட்காரணும். கவுண்ட்டர்காரர் வேலைய விட்டுப் போறார்."

"போகலன்னா?"

"போகலன்னா ரெண்டாவது படம் எடு. நான் குறுக்க வரமாட்டேன்."

புதன்கிழமை காலை அவள் டார்ச்சண்ணனைத் தேடி மாடிக்கு வந்தாள். ஆபரேட்டரிடம் சொல்லிக் காலி ஹாலில் முதல் காட்சியை மட்டும் ஓட்டச் செய்தாள்.

"உட்கார்ந்து பாருங்கண்ணே."

"உட்கார்ந்தா எனக்கு ஒண்ணும் புரியாது பாப்பா. நான் இறங்கிப் பார்க்கிறேன்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு, லேட்டாக வந்தவர் மாதிரி கதவருகே போய் நின்றார்.

விளக்குகள் அணைந்தன. திரையில் ஒரு சமையலறை. அடுப்பின் நீலச் சுடர் மட்டும் தெரிகிறது. ஒரு பெண்ணின் கை வந்து அதை அணைக்கிறது. இருட்டு. பிறகு கேமரா மெதுவாகப் பின்னால் நகரத் தொடங்குகிறது. சமையலறைக் கதவு வழியாகப் பின்வாங்குகிறது. நடைபாதை. ஒரு பக்கம் ஒருவர் நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொரு அறையில் ஒருவர் தொலைபேசியில் யாரையோ அதட்டுகிறார். ஒரு கட்டிலில் விரல் சூப்பும் குழந்தை. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேமரா வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கி, இன்னும் பின்னால், இன்னும் பின்னால் போகிறது. வீடு சின்னதாகி, தீப்பெட்டி அளவாகி, ஒரு ஜன்னல் வெளிச்சம் மட்டும் புள்ளியாக மிஞ்சுகிறது. நான்கு நிமிடம், ஒரே ஷாட், நடுவில் வெட்டே இல்லை.

ஷாட் முடிந்து விளக்கு எரிந்தபோது டார்ச்சண்ணன் ஹாலில் இல்லை.

இரண்டு படி இறங்கி மூன்றாவதில் கால் வைத்ததும் கேமரா பின்வாங்க, அவரும் பின்வாங்கியிருக்கிறார். படியேறி, கதவைத் தாண்டி, வராந்தா முழுக்க முதுகாலேயே நடந்து, கேன்டீன் பலகையில் இடித்துக்கொண்டுதான் நின்றார்.

"என்னண்ணே, ரிவர்ஸ்ல வர்றீங்க?" என்றார் டீ மாஸ்டர்.

"நான் வரல. கூட்டிட்டு வந்துடுச்சு."

பாப்பா ஓடி வந்தாள். டார்ச்சண்ணன் முகத்தில் கவலை.

"பாப்பா, ஷாட் ஜோர். ஆனா லேட்டா வர்ற ஆளுங்க ஒருத்தர்கூட உள்ள வரமாட்டாங்க. வந்தவனும் பின்னால போவான், பின்னால நிக்கிறவன் மேல இடிப்பான். மூணாவது படியில மலை மாதிரி குவிஞ்சிடுவாங்க. எழுந்ததும் எந்தப் பக்கம் போவான்னு நினைக்கிற? கேமரா போன பக்கம். வெளிய!"

"லேட்டா வர்றவங்களுக்காக நான் படம் எடுக்கலண்ணே."

"லேட்டா வர்றவன் பாதி ஊரு பாப்பா. வேற ஷாட் எதுவும் எடுக்கலையா?"

எடுத்திருந்தாள். தெருவிலிருந்து தொடங்கி, வாசல் வழியாக முன்னால் நகர்ந்து, வீட்டுக்குள் போய்ச் சமையலறையில் முடியும் ஷாட், பட்டப்பகலில். கைப்பேசியில் காட்டினாள். டார்ச்சண்ணன் கண்களில் ஒளி வந்தது.

"இதப் போடு! வெளிச்சம் இருக்கு. கேமரா முன்னால போகுது, ஜனமும் முன்னால போகும். கண்ண மூடிட்டு இறங்கலாம்."

"முன்னால போனா, யாரோ ஒரு வீட்டுக்கு விருந்தாளி வர்ற மாதிரி ஆயிடுதுண்ணே. என் கதையில அவ வரல, போறா. போகும்போது பார்த்துக்கிட்டே போறா. அந்தக் கேமராதான் அவ. நடுவுல ஒரு தடவ வெட்டினாலும் அவ கண்ணைச் சிமிட்டின மாதிரி ஆயிடும், அவ்வளவு நேரம் அவ பிடிச்சு வெச்சிருக்கிற அழுகை எனக்குக் கிடைக்காது."

"அது கேமரா இல்லையா? அந்தப் பொண்ணா?"

"ஆமா."

டார்ச்சண்ணன் சற்று நேரம் டார்ச்சை எரிய விட்டும் அணைத்தும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் யாரும் நிமிர்ந்து பார்க்கல" என்றார்.

"அத எடுக்கிறதுக்கு எவ்வளவு பாடு தெரியுமா? கேமராமேன் முதுகாலயே நடக்கணும். விழாம இருக்க அவர் பெல்ட்ட நான் பின்னால பிடிச்சுக்கிட்டே போனேன். வாசப்படி வருது, இப்ப படி, இப்ப தெருன்னு காதுல சொல்லிக்கிட்டே. பதினாலு தடவ. பதினாலாவது தடவதான் குழந்தை சூப்புற விரலை எடுக்காம இருந்துச்சு."

"பகல் ஷாட்டு?"

"முதல் தடவயே வந்துடுச்சு."

"பார்த்தியா! அது நல்ல ஷாட்டு."

"அண்ணே!"

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக் காட்சிக்கு நாற்காலிகள் முக்கால்வாசி நிரம்பின. முதலாளி கீழே இடப்பையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பாப்பா கடைசி வரிசையில், கைவிரல் நகங்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டிருந்தாள். விளக்குகள் அணைந்தன. அடுப்புச் சுடர் தெரிந்தது. வராந்தாவில் லேட்டாக வந்தவர்களின் செருப்புச் சத்தம் கேட்டது.

டார்ச்சண்ணன் இருபத்து மூன்று ஆண்டுகளில் செய்யாத காரியத்தைச் செய்தார். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டார். நான்கே நிமிடம். அந்தப் பெண் தெருமுனைக்குப் போய்ச் சேரட்டும், பிறகு திறந்துவிடலாம்.

கதவில் முதுகைச் சாய்த்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கதவு சாத்தியிருந்ததால் பின்னால் போக வழியில்லை. ஆகவே கேமரா போனபோது அவர் இருந்த இடத்திலேயே இருந்து பார்க்க வேண்டியதாயிற்று. நகம் வெட்டும் ஆள். அதட்டும் ஆள். குழந்தை. வீடு புள்ளியானது. நான்காவது நிமிடம் வந்தது. போனது. அந்தப் பெண் ஒரு பேருந்து நிலையத்தில் தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். திறக்கிறாளா பார்த்துவிடலாம் என்று நினைத்தார். அவள் திறந்தபோது பதினெட்டாவது நிமிடம். பிறகு அவளுக்கு ஒரு மரப்பட்டறையில் வேலை கிடைத்தது. வெளியே பதினான்கு பேர் கதவைத் தட்டினார்கள். பட்டறையில் ஆணி அடிக்கும் காட்சி ஓடிக்கொண்டிருந்ததால் உள்ளே இருந்தவர்கள் தத்ரூபமான ஒலிப்பதிவு என்று மெச்சிக்கொண்டார்கள். தட்டித் தட்டிக் கை வலித்த பதினான்கு பேரும் கேன்டீனுக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

உள்ளிருந்து மூன்று பேர் கதவருகே வந்து அவர் தோளைத் தட்டினார்கள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உட்காருங்க, இப்ப முடிஞ்சிடும்" என்று ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பினார்.

இடைவேளை மணி அடித்தது. தாழ்ப்பாளை எடுத்தபோதுதான் தாம் என்ன செய்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. கீழிருந்து முதலாளி மூச்சிரைக்கப் படியேறி வந்தார். வலப்பையை வெளியே இழுத்து உதறிக் காட்டினார்.

"ஒரு பொத்தான்கூட இல்ல! இருபத்தஞ்சு வருஷத்துல இப்படி ஒரு படம் வந்ததில்ல. என் பொண்ணு! எல்லாருக்கும் டீ குடு மாஸ்டர்!"

"ஏற்கெனவே குடிச்சுட்டோம்" என்றார்கள் பதினான்கு பேர்.

பாப்பா தகப்பனைப் பார்க்கவில்லை. டார்ச்சண்ணனின் கையைப் பார்த்தாள். அது தாழ்ப்பாளிலிருந்து இன்னும் இறங்கவில்லை. அவரை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"கதவு பூட்டியிருந்துச்சா?"

"நாலு நிமிஷம்னுதான் பாப்பா..."

"எத்தனை பேர் எழுந்து வந்தாங்க?"

"மூணு பேர். அதுல ரெண்டு பேர் பாத்ரூமுக்கு."

"மூணாவது ஆள்?"

"மூணாவது ஆளுக்கு என் கையில எரிஞ்ச டார்ச் தொந்தரவாம். அணைங்கன்னு சொல்ல வந்தாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே நேரே அப்பாவிடம் போனாள்.

"அப்பா, கதவு பூட்டியிருந்துச்சு. இந்தக் கணக்கு செல்லாது. ரெண்டரை மணிக் காட்சிக்குத் திரும்ப எண்ணுங்க."

முதலாளி முகம் சுருங்கியது. முதலில் டார்ச்சண்ணனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை எழுத்தில் கொண்டுவந்தால் இந்தப் பத்திரிகை அச்சாகாது. பிறகு நிதானமாக, "என் எண்ணிக்கை சரி. கதவுதான் தப்பு" என்றார். "ரெண்டரை மணிக்கு எண்றேன். கதவு திறந்திருக்கணும். யோவ் டார்ச்சு, இன்னொரு தடவ தாழ்ப்பாள்ல கைய வெச்சே, கவுண்ட்டர்ல நீ உட்காரணும்!"

"பகல் ஷாட்டப் போட்டுடு பாப்பா" என்று டார்ச்சண்ணன் கெஞ்சினார். "ஆபரேட்டர்கிட்ட நான் சொல்றேன். உன் ரெண்டாவது படத்துல நீ எப்படி வேணும்னாலும் பின்னால போ. இப்ப முன்னால போ."

"யாரும் விழாத ஷாட்டுக்கா நான் மூணு வருஷம் அலைஞ்சேன்? வேற வழி யோசிங்கண்ணே."

யோசித்தார். இரண்டரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, ஜனங்க திரையப் பார்த்தாத்தானே பின்னால போவாங்க? என் மூஞ்சியப் பார்த்தா? நான் முன்னால நின்னு, அவங்களப் பார்த்தபடியே முதுகால இறங்கறேன். டார்ச்ச அவங்க கால்ல அடிக்கிறேன். நான் இறங்க இறங்க அவங்களும் இறங்குவாங்க."

"மூணாவது படி?"

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். பெல்ட்டப் பிடிச்சுக்க."

அன்று பிற்பகல் அந்த ஹாலில் நடந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள் கடைசி வரிசைக்காரர்கள் மட்டும்தான். திரையில் ஒரு வீடு பின்னால் போய்க்கொண்டிருந்தது. அதற்கு எதிரே, காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் முதுகைத் திரைக்குக் காட்டியபடி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். அவர் பெல்ட்டைப் பின்னாலிருந்து படத்தின் இயக்குநர் பிடித்துக்கொண்டு, "படி... இன்னொரு படி... இது அந்தப் படி, அகலமா வைங்க" என்று காதில் முணுமுணுத்தாள். எதிரே இருபது பேர், குழந்தையும் பாப்கார்னுமாக, அந்த டார்ச் வெளிச்சத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கோழிக்குஞ்சுகள் மாதிரி இறங்கினார்கள். ஒருவர்கூட விழவில்லை. ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை. வீடு புள்ளியாகும்போது இருபது பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். டார்ச்சண்ணன்தான் அந்த ஷாட்டின் ஒரு பிரேமைக்கூடப் பார்க்கவில்லை.

இனி முடிவு பார்க்கிறவர்கள் கையில் இருந்தது. பாப்பா மாடி வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். டார்ச்சண்ணன் வழக்கம்போல வண்டி நிறுத்தும் இடத்துக்கு இறங்கிப் போனார். அங்கிருந்து கேட் தெரியும்.

இடைவேளை மணி அடித்ததும் முதலாளி கேன்டீன் மேசைக்கு வந்து வலப்பையைக் கவிழ்த்தார். பொத்தான்கள் உருண்டன. பதின்மூன்று.

பாப்பா ஒரு பொத்தானை எடுத்து அதன் ஓட்டை வழியாக எதையோ பார்த்தாள்.

"முதலாளி, ஒரு நிமிஷம்" என்றார் டார்ச்சண்ணன். "இதுல நீலச் சட்டைக்காரர் ஒருத்தர் இருக்காரா?"

"இருக்கான். எட்டாவது பொத்தான்."

"அவர் போய் வீட்டுக்காரம்மாவக் கூட்டிட்டுத் திரும்பி வந்துட்டார். நான்தான் வண்டியத் திரும்ப உள்ள விட்டேன். அந்தம்மாவுக்குத் தனி டிக்கெட் வேற வாங்கினாரு. அவரப் போனதாச் சொன்னா அது நியாயமில்ல."

டீ மாஸ்டர் தலையாட்டிச் சாட்சி சொன்னார். முதலாளி ஒரு பொத்தானை நகர்த்தினார். பன்னிரண்டு.

"அந்தப் புருஷன் பொண்டாட்டி?" என்று தொடர்ந்தார் டார்ச்சண்ணன்.

"சண்டை போட்டுட்டுப் போனாங்களே, அவங்களா? படத்த வெச்சுத்தான்யா சண்டை. 'எங்கம்மாவும் இப்படித்தான்னு சொல்ல வர்றியா'ன்னு அந்த ஆள் கேட்டுக்கிட்டே போனான். என் காதுல விழுந்துச்சு."

"முதலாளி, அவங்க உள்ள வரும்போதே சண்டை. ஆளுக்கொரு வரிசையில உட்கார வைங்கன்னு என்கிட்டக் கேட்டாங்க. பக்கத்துப் பக்கத்து டிக்கெட்ட வெச்சுக்கிட்டு! உட்கார வெச்சேன். நான் கீழ இறங்கறதுக்குள்ளயே அந்தம்மா எழுந்து போய் அவர் பக்கத்துல உட்கார்ந்துச்சு. அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரும் போனாங்க. சேர்ந்து போனாங்க."

"சண்டை போட்டுக்கிட்டுதானே போனாங்க?"

"கையப் பிடிச்சுக்கிட்டு சண்டை போட்டாங்க முதலாளி. அது வீட்டுக்குப் போற சண்டை. படத்து மேல பழி போடக்கூடாது."

முதலாளி நெடுநேரம் யோசித்தார். அவருக்கும் திருமணமாகி முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு பொத்தான்களை நகர்த்தினார்.

பத்து.

"பத்துக்கு மேலன்னுதானே சொன்னேன்?" என்றார், தன்னையே கேட்டுக்கொள்வது போல. "பத்து, பத்துக்கு மேல இல்ல."

டீ மாஸ்டர் கை தட்டினார். பாப்பா நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, டார்ச்சண்ணன் மட்டும் டார்ச்சின் மூடியைத் திருகுவதும் கழற்றுவதுமாக இருந்தார். பாப்பாவுக்கு அந்த முகம் தெரியும். காலையில் தாழ்ப்பாளில் கை இருந்தபோது பார்த்த முகம்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல பாப்பா."

"சொல்லுங்க."

"...ஒரு லாரி வந்து கேட்ட மறிச்சு நின்னுச்சில்ல? முதலாளி போய் டிரைவரத் திட்டிக்கிட்டு இருந்தாரு. அந்த நேரத்துல கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருத்தர் இறங்கி வந்து, லாரிக்குப் பின்னால சுத்திப் போயிட்டாரு. முதலாளி பார்க்கல."

சிரிப்பு நின்றது.

"பாத்ரூமுக்கா?" என்றார் டீ மாஸ்டர், நம்பிக்கையோடு.

"இல்ல."

"வயித்து வலியா இருக்கும்."

"இல்ல மாஸ்டர். 'இதெல்லாம் ஒரு படமா'ன்னு என்கிட்டயே கேட்டுட்டுத்தான் போனாரு."

பாப்பா கண்களை ஒரு நிமிடம் மூடினாள். பிறகு ஒதுக்கி வைத்திருந்த பொத்தான்களில் ஒன்றை எடுத்து, பத்தோடு சேர்த்து வைத்தாள். "பதினொண்ணுப்பா. திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?"

முதலாளி அந்தப் பொத்தானைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். டார்ச்சண்ணனைப் பார்த்தார். முதலாளியின் காதுமடல் சிவந்தது.

"யாரு பார்க்கல?"

"நீங்க... லாரிக்காரன்கிட்ட..."

"நான் பார்க்கலையா? இருபத்தஞ்சு வருஷமா இந்தக் கேட்டத் தாண்டி ஒரு பய எனக்குத் தெரியாம போனதில்ல. இன்னிக்கு மட்டும் ஒருத்தன் போயிடுவானா? லாரி மறிச்சா எனக்குக் கண்ணு தெரியாதா?" பதினோராவது பொத்தானை எடுத்து இடப்பைக்குள் போட்டு, பையை இரண்டு தட்டு தட்டினார். "நான் பார்க்காதவன் போகல. போகாதவன் உள்ளதான் இருக்கான்."

"அப்பா, அண்ணன் கண்ணால பார்த்திருக்காரு..."

"அவன் பத்து நிமிஷம் பார்க்கிற ஆளு. அவனுக்கு என்ன தெரியும்? யோவ், டார்ச்ச எடு. மேல போய் வரிசை வரிசையாத் தேடு. கட்டம் போட்ட சட்டை. கிடைக்காம கீழ இறங்காத!"

இடைவேளை முடிந்து மணி அடித்தது. டார்ச்சண்ணன் ஹாலுக்குள் போனார். இருட்டில் ஒவ்வொரு வரிசையாக, முழங்காலுக்குக் கீழே வெளிச்சம் வைத்து, போய்விட்ட ஒரு மனிதரைத் தேடத் தொடங்கினார்.

திங்கட்கிழமை டிக்கெட் கவுண்ட்டரில் வேறு ஆள் உட்கார்ந்தார். பாப்பா அதே வாரத்தில் இரண்டாவது கதையை எழுதத் தொடங்கிவிட்டாள். அவள் படம் மூன்று வாரம் ஓடியது. ஒவ்வொரு காட்சியிலும் இடைவேளைக்குப் பிறகு முதலாளி மாடிப்படியின் கீழே நின்று மேல்நோக்கிக் குரல் கொடுப்பார்:

"கிடைச்சானாய்யா?"

"தேடிக்கிட்டு இருக்கேன் முதலாளி!"

"நல்லாத் தேடு!"